எங்கேயோ இழுக்குது

தாம்பரத்தில் பேட்டரிக் கடைக்குப் பஞ்சமே இல்லை. குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் பேட்டரி கம்பெனி போர்டுகளைப் பார்த்துக்கொண்டே வரலாம். போன் போட்டால் வண்டி நிற்கும் வாசலுக்கே புது பேட்டரி வந்துவிடுகிறது. பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்கிறார்கள். ஆனால் நிறுத்திவைத்த காரில் பேட்டரி ஏன் தானாக இறங்கிப்போகிறது என்று பார்த்துச் சொல்கிற ஆள் வேண்டுமென்றால், நாலு பேரிடம் விசாரித்துத்தான் போக வேண்டியிருக்கிறது. அப்படி விசாரித்துத்தான் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தகரக் கொட்டகை. ஒரு பக்கம் பஞ்சர் கடை, மறுபக்கம் டீக்கடை. உள்ளே சுவர் முழுக்க ஆணி. ஆணிக்கு ஆணி, ஒயர்களை இணைக்கிற கப்ளர்கள் தொங்குகின்றன. உடைத்த கார்களிலிருந்து ஒரு சாண் ஒயரோடு வெட்டியெடுத்து, புதுப்பேட்டையில் குவித்து விற்பவை. எந்த ஆணியில் எந்த வண்டியின் கப்ளர் என்று அங்கே எதுவும் எழுதிவைக்கவில்லை. பட்டறைக்காரர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுக்கிறார். ஐம்பது வயது தாண்டியவர். அம்பாசடர் டாக்ஸிகளுக்கு ஒயரிங் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவர். இப்போது அவரிடம் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் கற்றுக்கொள்கிறான்.

நான் போன அன்று உள்ளே நின்றது 2004 மாடல் சான்ட்ரோ. டிஎன் 22, மீனம்பாக்கம் பதிவு. வண்டிக்காரர் ரயில்வே சிக்னல் டிபார்ட்மென்டில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். முடிச்சூர்ப் பக்கம் வீடு. வாரத்துக்கு ஒரு தடவை, ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ வண்டியை எடுப்பார். எடுக்கப்போனால் செல்ஃப் எடுக்காது. நாலு வருஷத்துக்குள் மூன்று பேட்டரி மாற்றியாகிவிட்டது. போன இடத்திலெல்லாம் பேட்டரியைச் சோதித்து “வீக்” என்று சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. பேட்டரி வீக்காகத்தான் இருந்தது. அதை வீக்காக்கியது எது என்று பார்ப்பதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை.

“டைனமோ சார்ஜ் 14.2 வோல்ட் வருது. பேட்டரி மேலயும் தப்பு இல்ல. வண்டி நிக்கும்போது எங்கேயோ இழுக்குது சார். ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதைதான், பானைய மாத்தாம தண்ணியையே மாத்திட்டு இருக்காங்க” என்றார் பட்டறைக்காரர்.

நிற்கிற வண்டிக்குக் கரண்ட் எதற்கு என்று கேட்கத் தோன்றும். 1912-ல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தது. கையால் ஹேண்டில் சுற்றுவது போய் பெரிய பேட்டரி காரின் நிரந்தர உறுப்பானது அதற்குப் பிறகுதான். அம்பாசடர், பத்மினி காலம் வரைக்கும் ஹேண்டிலும் கூடவே வந்தது. செல்ஃப் எடுக்காவிட்டால் முன்னால் போய்ச் சுற்றிக்கொள்ளலாம். அந்த வண்டிகளில் சாவியை எடுத்துவிட்டால் பேட்டரியிடம் கரண்ட் கேட்கிற பொருள் அநேகமாக எதுவும் கிடையாது. பிறகு கடிகாரம் வந்தது, பாட்டுப் பெட்டியின் ஞாபகம் வந்தது, எஞ்சின் கம்ப்யூட்டர், ரிமோட் பூட்டு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இவையெல்லாம் வண்டி நிற்கும்போதும் துளித்துளியாகக் குடித்துக்கொண்டிருக்கும். இந்த வயதுள்ள சின்ன காரில் அது 0.02 ஆம்பியர் அளவில் இருந்தால் சரி. 0.05-ஐத் தாண்டினால் தேட ஆரம்பிக்க வேண்டும்.

கணக்கு சின்னதுதான். 0.05 ஆம்பியர் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. சின்ன காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. இரண்டு வாரத்தில் பாதி போய்விடும். டிக்கிக்குள் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் 0.4 ஆம்பியர், மூன்றாம் நாளே செல்ஃப் முனகும், நான்காம் நாள் அதுவும் இருக்காது. ஸ்டார்ட்டர் ஒரு கணத்துக்கு நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கிறது. பேட்டரியில் கொஞ்சம் மிச்சமிருந்தால் லைட் எரியும், ஹாரன் அடிக்கும், ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றாது. அதனால்தான் “லைட்டெல்லாம் நல்லாத்தான் எரியுது” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

இறங்கிய பேட்டரியை உடனே சார்ஜ் ஏற்றிவிட்டால் பெரிய கெடுதல் இல்லை. 1859-ல் காஸ்டன் பிளாந்தே செய்துகாட்டிய ஈய பேட்டரியின் அடிப்படை இன்றும் மாறவில்லை: ஈயத் தகடு, ஈய ஆக்சைடு தகடு, நடுவே கந்தக அமிலம். கரண்ட் இறங்க இறங்க இரண்டு தகட்டிலும் ஈய சல்பேட் படியும். சார்ஜ் ஏற்றும்போது கரையும். நாள்கணக்கில் இறங்கியபடியே கிடந்தால் அந்தப் படிவு கெட்டிப்பட்டுக் கரையாமல் நின்றுவிடும். அப்புறம் பேட்டரியின் கொள்ளளவே குறைந்துபோகிறது. இதில் சென்னை வெயில் வேறு. சூடு 10 டிகிரி ஏறினால் பேட்டரி தானாகவே இறங்குகிற வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெட்டவெளியில் நிற்கிற காருக்கு மே மாதம் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வண்டி முந்தின நாள் சாயங்காலம் வந்திருந்தது. வரும்போது பேட்டரி 11.6 வோல்ட். வேறொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்து எடுத்து, மழையில் கண்ணாடி பனித்ததால் ஏசியைப் போட்டுக்கொண்டு பெரியவர் ஓட்டிவந்திருக்கிறார். ராத்திரி முழுக்க மெல்ல சார்ஜ் ஏற்றி, காலையில் 12.6 காட்டியது. இறங்கிக் கிடக்கிற பேட்டரியை வைத்துக்கொண்டு லீக் தேடினால் ரீடிங் நம்பும்படி இருக்காது. அதனால்தான் ஒரு ராத்திரி பொறுக்கச் சொன்னார்.

பழைய எலக்ட்ரீஷியன்கள் மைனஸ் ஒயரைக் கழற்றி டெர்மினலில் லேசாகத் தொட்டு எடுப்பார்கள். பொறியின் அளவைப் பார்த்தே எவ்வளவு இழுக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இவரும் அப்படித்தான் கற்றார், ஆனால் செய்வதில்லை. சார்ஜ் ஏற்றிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பொறி கூடாது. கழற்றிய மைனஸ் ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப்பை மாட்டினார். பழைய இண்டிகேட்டர் ஹோல்டரில் ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர், ஒரு முதலைக் கிளிப், ஒரு ஊசி. அவ்வளவுதான் அந்தக் கருவி. பையனைக் கூப்பிட்டு, பல்பைக் கையால் மறைத்து நிழலில் காட்டினார். வெளிச்சம் இல்லை, உள்ளே இழை மட்டும் மங்கிய சிவப்பில் கனன்றுகொண்டிருந்தது.

“ஒண்ணுமே இழுக்கலன்னா இது செத்துக் கெடக்கும். பூட்டின வண்டில இது இப்படித் தெரியக்கூடாது, பாத்துக்கோ” என்றார்.

அப்புறம்தான் மீட்டர். சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் போக வேண்டும். பக்கத்துத் துளையில் சொருகினால் மீட்டரின் ஃபியூஸ் போகும். மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் சாவியைத் தொடக் கூடாது. சாவியைப் பையனின் சட்டைப் பையில் போடச் சொன்னார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உள்ளே தேட வேண்டும். ஆனால் கதவு மூடியிருப்பதாக வண்டி நினைக்க வேண்டும். பில்லரில் இருக்கும் பட்டன் சுவிட்சை அமுக்கிப் பையன் இன்சுலேஷன் டேப் ஒட்டினான். முதலில் துள்ளிய எண் இறங்கி இறங்கி, 0.18-ல் நின்றது.

“இப்ப சும்மா இருக்கணும்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இந்தச் சும்மா இருப்பதுதான் இந்த வேலையில் பாதி. பூட்டியவுடன் வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அடங்கிவிடுவதில்லை. புது வண்டிகளில் அரை மணி, முக்கால் மணிகூட ஆகும். அதுவரை மீட்டர் காட்டுவது லீக் அல்ல. பொறுமையில்லாமல் ஒரு கதவைத் திறந்தால் எல்லாம் மறுபடி விழித்துக்கொள்ளும், முதலிலிருந்து உட்கார வேண்டும். பழைய சான்ட்ரோவுக்குப் பத்து நிமிஷம் போதும். ஆனாலும் அவர் அதிகமாகவே உட்கார்ந்தார். ரோட்டில் போகிறவர் பார்த்தால், இரண்டு பேர் ஒரு காரின் முன்னால் உட்கார்ந்து கதை பேசுவதாகத்தான் தெரியும். உண்மையில் கதையும் பேசினோம்.

தினம் ஓடுகிற வண்டியில் லீக் வெளியே தெரியாது; ராத்திரி இழுத்ததை டைனமோ பகலில் நிரப்பிவிடும். 2020-ல் ஊரடங்கு வந்தபோதுதான் இந்தப் பகுதியில் எத்தனை வண்டிகள் ஒழுகிக்கொண்டிருக்கின்றன என்பது தெரிந்தது என்றார். மார்ச் 25-க்குப் பிறகு எல்லா வண்டியும் வாசலில். ஜூன் 19-லிருந்து சென்னையையும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் சில பகுதிகளையும் மறுபடி முழுதாக அடைத்தார்கள். திறந்த பிறகு சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் என்று அடுக்ககம் அடுக்ககமாக வண்டிகள் எழுந்திருக்கவில்லை. அதில் நிறைய வண்டிகளில் பேட்டரி சும்மா நின்றதால் இறங்கியிருந்தது. சிலவற்றில் மட்டும் திருடன் இருந்தான்.

பிரேக் பெடலுக்கு மேலே சுவிட்சை அமுக்கிக்கொண்டிருக்கும் விரல்நுனி அளவு ரப்பர், வருஷக்கணக்கில் காய்ந்து பொடியாக உதிர்ந்துவிடும். அப்புறம் பின்னால் பிரேக் லைட் அணையவே அணையாது. பகலில் வண்டியை விட்டு இறங்குகிற யாரும் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. பெடலுக்குக் கீழே கார்ப்பெட்டில் ரப்பர் தூள் கிடந்தால் மீட்டரே வேண்டாம் என்றார். பாட்டு செட் மாட்டுகிறவர்கள் மஞ்சள் ஒயரையும் சிவப்பு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டுப் போவது இன்னொன்று. மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயர். சிவப்பு சாவி போட்டால்தான். இரண்டும் சேர்ந்தால் செட் தூங்கவே தூங்காது. டாக்ஸிகளில் ஜிபிஎஸ் பெட்டி. காலி மனைக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிகளில் எலி. எலி கடித்த ஒயர் அறுந்துவிட்டால் நல்லது, உடனே தெரியும். தோல் மட்டும் உரிந்து பாடியில் உரசிக்கொண்டு நின்றால்தான் தலைவலி.

காலையில் பட்டறைக்கு வரும் வண்டியில் அவர் முதலில் செய்வது, ரிலேக்களின் தலையில் புறங்கையை வைத்துப் பார்ப்பது. ராத்திரி முழுக்க ஒட்டிக்கொண்டிருந்த ரிலே வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு நன்றாகத் தெரியும் என்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பேட்டரியின் மேல்மூடியையும் பார்ப்பார். அமிலக் கசிவும் தூசியும் சேர்ந்த பிசுக்கில் மீட்டரின் ஒரு முனையை வைத்தால், சில பேட்டரிகளில் ஒன்றிரண்டு வோல்ட் காட்டும். அதாவது மூடியின் மேலேயே ஒரு சின்ன வழி உண்டாகியிருக்கிறது. ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் துடைத்தால் போய்விடும். இந்த வண்டியில் மூடி சுத்தமாக இருந்தது.

மீட்டர் இன்னும் 0.18-தான். பையன் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். பட்டறைக்காரர் எண்ணைப் பார்த்துக்கொண்டு “போடு... அடுத்தது... போடு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு ஃபியூஸில் எண் சட்டென்று 0.01-க்கு விழுந்தது. ரூம் லைட் ஃபியூஸ்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன், அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. அந்த ஒரு ஃபியூஸிலிருந்து ரூம் லைட், டிக்கி லைட், பாட்டு செட்டின் ஞாபகம், கடிகாரம், பின்னாளில் ஒரு கடையில் மாட்டிய சென்ட்ரல் லாக் என்று ஐந்தாறு கிளை பிரிகிறது. ஃபியூஸ் தெருவைத்தான் காட்டும், வீட்டைக் காட்டாது. சென்ட்ரல் லாக் பெட்டியின் மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம். கப்ளரை உருவினார், எண் அசையவில்லை. செட்டை உருவினார், 0.01 குறைந்தது, அது நியாயமான செலவு. டிக்கியை மூடினால் உள்ளே லைட் அணைகிறதா என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? பையன் தன் போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடித் திறந்தான். இருட்டுதான் பதிவாகியிருந்தது. கடிகாரத்தையும் ரூம் லைட்டையும் கழற்றினார்கள். கழற்றுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லாதபோதும் 0.17 போய்க்கொண்டிருந்தது.

“பொருள் எதுவும் இல்ல. ஒயர்லதான் போகுது” என்றார். முகத்தில் சலிப்பு இல்லை. இதற்குள் மதியம் ஆகியிருந்தது.

பக்கத்துக் கடையில் டீ சொன்னார்கள். பெரியவர் அதுவரை வாயே திறக்காமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்: “தம்பி, ஒண்ணு கேக்கறேன். போன மே மாசம் ஒருத்தர் இதே மாதிரி மீட்டர் வெச்சுப் பாத்தார். லீக்கே இல்லைன்னு அனுப்பிட்டார். அப்ப ரெண்டு வாரம் நின்னும் வண்டி எடுத்துது. மழை ஆரம்பிச்சா மறுபடி போயிடுது. எங்க வேலையில இது உண்டு.”

அவர் சொன்னது ட்ராக் சர்க்யூட் பற்றி. தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளிலும் சின்ன கரண்டை ஓடவிட்டு, மறுமுனையில் ஒரு ரிலேயைத் தூக்கி வைத்திருப்பார்கள். ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு கம்பியையும் இணைத்துவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். அடைமழையில், சேறு கலந்த ஜல்லி நனைந்து ஊறிப்போனால் கரண்ட் ஜல்லி வழியாகவே ஒரு கம்பியிலிருந்து மறுகம்பிக்குக் கசியும். ரயிலே இல்லாத இடத்தில் ரயில் நிற்பதாக ரிலே விழுந்துவிடும். வெயில் வந்தால் தானாகச் சரியாகும். “ஈரத்தைப் பிடிக்கணும்னா ஈரம் இருக்கும்போதே போகணும். காஞ்சப்புறம் போனா ஆளை ஏமாத்திடும்” என்றார்.

பட்டறைக்காரர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். “இந்த வண்டி தண்ணியில நின்னுச்சா சார்?”

“2015-ல நின்னுது. சீட்டு வரைக்கும்.”

அந்த டிசம்பரை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரத்துக்குள் புகுந்தது. ஆட்களைப் படகில் கொண்டுவந்தார்கள். நீரில் நின்ற கார்களுக்கு ஆயில் மாற்றினார்கள், சீட்டைக் காயவைத்தார்கள், கார்ப்பெட்டைக் கழுவிப் போட்டார்கள். எஞ்சின் ஓடியது, வீடு திரும்பியவர்களுக்கு அதுவே பெரிதாக இருந்தது. கப்ளர்களுக்குள் போன வண்டலை அப்போது யார் திறந்து பார்த்திருக்க முடியும்? அதன் பிறகு 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே தெருக்களில் மறுபடி தண்ணீர் வந்தது.

இடப்பக்க முன்சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார்கள். கார்ப்பெட் மேலே தொட்டால் காய்ந்திருந்தது. பட்டறைக்காரர் முழங்கையை ஊன்றி அழுத்தினார். அடியிலிருக்கும் பஞ்சிலிருந்து தண்ணீர் கசிந்து விரலிடுக்கில் வந்தது. புளித்த வாடை. படிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பட்டையைப் பெயர்த்தால், அதன் கீழே டிக்கிக்கும் பின்விளக்குகளுக்கும் போகிற ஒயர்க்கட்டு. அதில் ஒரு வெள்ளை கப்ளர், சரியாக ஈரப் பஞ்சின் மேல் கிடந்தது.

அதை அவர் உடனே பிரிக்கவில்லை. பையனை மீட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, சூட்டுக்காற்று அடிக்கும் துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்துக் கப்ளரின் மேல் மெல்லக் காட்டினார். “0.15... 0.11, அண்ணா... 0.08... 0.05” என்று பையன் படித்துக்கொண்டே வந்தான். அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. எனக்கும் அந்த எண்ணிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு பொருளையும் தொடாமல், ஒரு ஒயரையும் அறுக்காமல், ஈரத்தை மட்டும் விரட்டி, திருட்டை நிறுத்திக் காட்டியாயிற்று. இந்தச் சோதனையைச் செய்யாமலே அவர் கப்ளரை வெட்டிவிட்டிருக்கலாம். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

பிறகு பிரித்தார். உள்ளே பித்தளைப் பின்களில் பாதி பச்சை பூத்திருந்தன. இரண்டு பின்னுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியில் நைசான வண்டல், களிம்போடு கலந்து பச்சையும் கறுப்புமாக அடைந்திருந்தது. ஒரு பின் டிக்கி லைட்டுக்குப் போகும், எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயர். அதை ஒட்டியது எர்த். வண்டல் காய்ந்திருந்தால் வழியில்லை. நனைந்தால் அதுவே ஒயர். 0.16 ஆம்பியர் அந்த அரிசி அகல இடைவெளி வழியாக ராத்திரி பகலாக நடந்திருக்கிறது. எர்த் அல்லாத அந்தப் பின்னின் நுனி கரைந்து ஊசிபோல மெலிந்திருந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மிச்சம். மழை என்றார் பெரியவர். பட்டறைக்காரருக்கு அது போதவில்லை. கதவு ரப்பரும் கண்ணாடி ஓரமும் காய்ந்துதான் இருந்தன. வண்டிக்கு அடியில் படுத்து, ஏசி தண்ணீர் சொட்டும் குழாயை ஒரு கம்பியால் குத்தினார். அரை டம்ளர் அளவு கறுப்புத் தண்ணீர் கொட்டியது. குழாய் வாய் அடைத்திருந்ததால், ஏசி போடும்போதெல்லாம் ஊறுகிற தண்ணீர் வெளியே போகாமல் இடப்பக்கக் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் காற்றில் ஈரம் அதிகம், ஏசியில் தண்ணீரும் அதிகம், பஞ்சு காயவும் காயாது. மே மாத வெயிலில் மூடிய வண்டிக்குள் எல்லாம் உலர்ந்துவிடும். மீட்டரோடு வந்தவருக்கு ஒன்றும் அகப்படாததில் ஆச்சரியமில்லை.

சரிசெய்தது ஒரு மணி நேர வேலை. கெட்ட கப்ளரின் இரண்டு பக்கமும் பச்சை ஏறாத செம்பு வரும்வரை ஒயரை வெட்டினார். இரண்டு இடத்தில் ஒரு விரல் நீளம் உள்ளே போக வேண்டியிருந்தது. ஆணியிலிருந்து வேறொரு கப்ளரை எடுத்து, ஒவ்வொரு ஒயரையும் ஈயம் வைத்துப் பற்றி, ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டிச் சுருக்கினார். எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வராதபடி முன்னும் பின்னுமாகத் தள்ளி வைத்தார். கடைசியில் கப்ளரைப் படியின் கீழே போடாமல், ஒரு சாண் உயரத்தில் பில்லர் ஓரமாகக் கட்டினார். கழற்றியதையெல்லாம் மாட்டிய பிறகு மீட்டர் 0.02.

கூலி பேச்சு வந்தபோது அவர் தயங்கினார். கப்ளருக்கும் ஒயருக்கும் சேர்த்து ஒரு சின்னத் தொகையைச் சொன்னார். நாள் முழுக்கப் பட்டறையில் வேறு வண்டி ஏறவில்லை. அவரும் பையனும் இதில்தான் இருந்தார்கள். இவ்வளவுதானா என்று கேட்டேன்.

“பொருள் மாத்தினா காசு கேக்கலாம் சார், கையில பொருளக் காட்டலாம். தேடினதுக்கு என்னன்னு காட்டுறது? ‘ஒரு ஒயர ஒட்டவெச்சதுக்கு இவ்வளவா’ன்னு கேப்பாங்க. அதனாலதான் நெறைய பேரு இந்த வேலைய எடுக்கறதே இல்ல. பேட்டரிய மாத்துன்னு சொல்லிட்டா அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சிரும்.”

இதுதான் என்னை உறுத்துகிறது. புது பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் தயங்காமல் கொடுக்கிறோம்; அதைக் கொல்வது எது என்று அரை நாள் உட்கார்ந்து கண்டுபிடிக்கிறவருக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. பெரியவர் வீட்டில் மூன்று பேட்டரி அநியாயமாகச் செத்தன. ஒவ்வொன்றிலும் கிலோக்கணக்கில் ஈயம். பழைய பேட்டரிகளைத் திரும்ப வாங்கி முறைப்படி உருக்க வேண்டும் என்று 2001-லேயே விதி வந்தது; 2022-ல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதற்குப் பதிலாக வந்தன. ஆனாலும் நாட்டில் கணிசமான பேட்டரிகள் அனுமதியில்லாத உலைகளுக்குப் போகின்றன. ஈயப்புகை பக்கத்திலிருக்கும் மண்ணிலும் குழந்தைகளின் ரத்தத்திலும் சேர்கிறது. இந்தச் சந்தில் ஒருவர் அரை டம்ளர் தண்ணீரைக் கண்டுபிடித்தது பெரியவரின் பணத்தோடு நின்றுபோகிற விஷயம் இல்லை. கார் கம்பெனிகளின் சர்வீஸ் பில்லில் ‘பரிசோதனை’ என்று தனி வரி இருக்கிறது, யாரும் கேள்வி கேட்பதில்லை. தகரக் கொட்டகைக்கும் அந்த வரி வேண்டும்.

பெரியவர் அதைத்தான் செய்தார். “எங்க டிபார்ட்மென்ட்ல ஃபால்ட் பிடிக்கறதுக்குத்தான் தம்பி சம்பளம். ரிலே மாத்தறதுக்கு இல்ல” என்று சொல்லி, பில் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். கப்ளர், ஒயர், ஸ்லீவ் என்று எழுதிய பிறகு, கீழே ‘கரண்ட் லீக் தேடிய கூலி’ என்று தனியாக ஒரு வரி எழுதவைத்தார். தொகையை அவரே சொன்னார். மற்றதையெல்லாம் கூட்டினால் வருவதைவிட அது அதிகம்.

கார்ப்பெட்டை இரண்டு நாள் மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு மாட்டும்படியும், ஏசி போட்டு நிறுத்தியதும் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்கும்படியும் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வாரம் பெரியவருக்குப் போன் செய்தேன். இடையில் வண்டியைத் தொடவே இல்லையாம். அன்று காலை 12.5 வோல்ட், முதல் தடவையிலேயே செல்ஃப் எடுத்திருக்கிறது. அதைவிட அவருக்குச் சொல்ல இன்னொரு சங்கதி இருந்தது. அதே வெள்ளத்தில் நின்ற பக்கத்து வீட்டு வண்டியிலும் மழைக்காலத்தில் பேட்டரி நிற்பதில்லை, புதுசு வாங்கக் கிளம்பியவரை நிறுத்தி வைத்திருக்கிறார். “முதல்ல கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கன்னு சொன்னேன். நல்லா ஊறிப்போய்க் கெடக்குது சார். நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.”